தரவைக்குள்ள ஏறி வாற பற்றையை வெட்டலாமோ? சிரமதானம் வைக்கிற யோசனை, தெரிஞ்சவை சொல்லுங்கோ

தரவைப்பிள்ளை:

வணக்கம் எல்லாருக்கும். எங்கட ஊருக்கும் கடலேரிக்கும் நடுவில ஒரு தரவை, மாடு மேயிற திறந்த வெளி, கிடக்கு, யாழ்ப்பாணத்தில வலிகாமம் மேற்குப் பக்கம். அம்மம்மா சொல்லுவா தன்ர சின்ன வயசில ஒழுங்கை முடியிற இடத்தில நிண்டு பாத்தா கடலேரித் தண்ணி மினுங்கிறது தெரியுமாம், ஊர் மாடு முழுக்க அங்கதான் மேயுமாம். இப்ப நிண்டு பாத்தா பற்றைதான் தெரியுது. உண்ணிச்செடி எண்டும் சொல்லுற நாயுண்ணி ஒரு பக்கம், சவுண்டல் எண்டும் சொல்லுற இப்பில் இப்பில் மரம் ஒரு பக்கம், ரெண்டும் ஊர்ப்பக்கத்து வேலியில இருந்து துவங்கி வருசா வருசம் தரவைக்குள்ள இறங்கிக்கொண்டே போகுது. நடுவில ஒரு கேணியும் மாடு உடம்பை உரஞ்சிற ஆவுரஞ்சிக்கல்லும் இருக்கெண்டு பெரியாக்கள் சொல்லுகினம், நான் ஒருநாளும் கண்டதில்லை, அவ்வளவு அடைச்சுப் போச்சு.

வாசிகசாலைப் பெடியள் பெட்டையள் ஒரு முப்பது பேர் சேந்து சித்திரை வருசப்பிறப்பு லீவுக்குள்ள ஒரு சிரமதானம், கூலியில்லாமல் சேந்து செய்யிற வேலை, வைப்பம் எண்டு கதைச்சிருக்கிறம், அப்பதான் கொழும்பில வேலை செய்யிற ஆக்களும் வந்து நிப்பினம். ஒரு ஆள் ஜேசிபி பிடிச்சா ஒரே நாளில முழுக்க வழிச்சுத் துடைச்சுப் போடலாம் எண்டு சொல்லுறார், காசும் தான் தாறனெண்டுறார்.

ஆனா எனக்கு மனசுக்குள்ள ஒரு அந்தரம். பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்கு மரம் நடுங்கோ எண்டு சொல்லிக்குடுக்கிற நானே கத்தியோட போய் வெட்டுறது சரியோ? அதைவிட எந்த மாசம் செய்யிறது, வெட்டினதை என்ன செய்யிறது, ஆரிட்டை அனுமதி எடுக்கிறது, ஒண்டும் வடிவாத் தெரியேல்லை. முந்தி இப்பிடிச் செய்த ஆக்கள் ஆரும் இருந்தா சொல்லுங்கோ, பெரிய உதவியா இருக்கும்.

புகையிலைத்தோட்டம்:

பிள்ளை, நான் நேராச் சொல்லுறன், கோவிக்காதேங்கோ. சண்டை நேரம் பங்கருக்கு எண்டு எத்தினை ஆயிரம் பனையைத் தறிச்சவை எண்டு நான் என்ர கண்ணால கண்டனான். எங்கட காணியில நிண்ட அம்பது பனையில மிச்சம் ஏழு. ஊருக்குத் திரும்பி வந்த நேரம் நிழலுக்கு ஒதுங்க ஒரு மரமில்லாமல் வெயிலுக்குள்ள நிண்டனாங்கள். இப்ப ஏதோ கொஞ்சம் பச்சை தெரியுது, அதையும் வெட்டப் போறியள் எண்டா எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரிக் கிடக்கு.

நீங்கள் பற்றை எண்டு சொல்லுறதுக்குள்ள என்னென்ன நிக்குதெண்டு முதல் போய்ப் பாத்தனீங்களோ? ஈச்சை நிக்கும், சூரை நிக்கும், காரை நிக்கும், பாவட்டை நிக்கும். நாங்கள் மாடு மேய்க்கப் போற நேரம் ஈச்சம்பழமும் சூரைப்பழமும் காரைப்பழமும் திண்டுதான் மத்தியானப் பசி போக்கினனாங்கள். பாவட்டைக் குழையும் பூவரசங்குழையும் வெட்டி வண்டில்ல ஏத்திக்கொண்டு வந்து தோட்டத்துக்குத் தாட்டுப் போட்டுத்தான் புகையிலை நட்டது, அந்தப் பசளைக்கு எந்த உரமும் கிட்ட வராது. ஜேசிபி வந்தா இது நாயுண்ணி இது காரை எண்டு பாக்குமோ? எல்லாத்தையும் சேத்து வழிச்சுக்கொண்டு போயிடும். அதை மட்டும் விடாதேங்கோ பிள்ளை.

தூரதேசத்து மச்சாள்:

தரவைப்பிள்ளை, உம்மட அந்தரம் எனக்கு அப்பிடியே விளங்குது, ஏனெண்டா போன மார்கழி எனக்கும் இதே அந்தரம் வந்தது. நான் இங்கிலாந்தில சறே எண்ட மாவட்டத்தில இருக்கிறன். ஹீத்ரோ ஏர்போட்டை எல்லாருக்கும் தெரியும், அந்தப் பேரில வாற "ஹீத்" எண்டா என்னெண்டு கனபேருக்குத் தெரியாது. எங்கட தரவை மாதிரி ஒரு திறந்த வெளிதான், ஆனா அது பசளை இல்லாத மணல் நிலம், புளிப்பு மண், பயிர் செய்ய உதவாது, ஹெதர் எண்டு முழங்காலளவு உயரத்தில ஒரு செடி, ஆவணி மாசம் அது பூத்தா பாக்கிற இடமெல்லாம் ஊதா நிறமா விரிஞ்சு கிடக்கும்.

என்ர மகளின்ர பள்ளிக்கூடச் சிநேகிதியின்ர தாய் ஒருக்கா வாரும் எண்டு கூப்பிட்டா, ஞாயிற்றுக்கிழமை தொண்டு வேலை எண்டு. நானும் மரம் நடப் போறமாக்கும் எண்டு நினைச்சுப் போனா கையில வாளும் கொப்பு வெட்டுற பெரிய கத்தரிக்கோலும் தந்து அந்த வெளிக்குப் பக்கத்துக் காட்டில இருந்து இறங்கி வாற பேர்ச் மரத்தையும் பைன் கண்டுகளையும் வெட்டச் சொல்லிச்சினம். எனக்குக் கை வரேல்லை. கன நேரம் கத்தரிக்கோலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். பேந்து அங்க கனகாலமா வேலை செய்யிற ஒரு வயசான மனுசி பக்கத்தில வந்து பொறுமையா விளங்கப்படுத்தினா.

அவ சொன்னது இதுதான். அந்த வெளி தானா உண்டானது இல்லை, ஆக்கள் பாவிச்சுப் பாவிச்சு உண்டானது. ஆயிரக்கணக்கான வருசமா ஊர்ச்சனம் அங்க மாடு ஆடு மேய்ச்சது, அடுப்புக்கு கோர்ஸ் எண்ட முள்ளுப் பற்றையை வெட்டினது, மண் கட்டியைப் பேத்து எரிச்சது, மாட்டுக் கொட்டிலுக்குள்ள விரிக்கப் பன்னம் எண்ட செடி வெட்டினது. பேந்து நிலக்கரி வந்திட்டுது, மேய்ச்சல் விட்டுப் போச்சு, ஒருத்தரும் வெட்டப் போறேல்லை. பேர்ச் விதை சரியான லேசு, காத்தில பறந்து வந்து முளைக்கும், அதின்ர இலை விழுந்து உக்கி மண்ணில பசளை ஏறும், பசளை ஏறினா ஹெதருக்கு ஆகாது, அங்க வேற புல்லும் மரமும் வந்திடும். இப்பிடியும், கட்டடம் கட்டியும், பைன் தோட்டம் வைச்சும், உழுது பயிர் செய்தும் 1800க்குப் பிறகு இங்கிலாந்தில தாழ்நில ஹீத்தில 80 வீதத்துக்கு மேல இல்லாமல் போச்சாம். உலகத்தில மிஞ்சினதில அஞ்சில ஒரு பங்களவு பிரித்தானியாவிலதான் கிடக்கு. மணல் பல்லி எண்டு ஒண்டு, நைட்ஜார் எண்ட பக்கிக்குருவி, சின்ன நீல வண்ணத்துப்பூச்சி ஒண்டு, இதுகளுக்கெல்லாம் இப்பிடித் திறந்த நிலம் வேணும்.

பக்கிக்குருவி எண்டவுடன எனக்கு எங்கட ஊர்தான் ஞாபகம் வந்தது. இங்க அது ஆபிரிக்காவில இருந்து மே மாசம் வந்து வெறுந்தரையில முட்டையிடும், கிட்டப் போனாலும் சருகா குருவியா எண்டு தெரியாது. எங்கட பக்கியும் அப்பிடித்தானே, மண் ஒழுங்கையில பொழுதுபட்ட பிறகு சைக்கிள் லைற்றுக்குக் கண் பளிச்செண்டு மின்னும்.

அதால மாசம் முக்கியம். இங்க ஐப்பசியில துவங்கி மாசிக்குள்ள வெட்டு வேலையை முடிச்சுப் போடுவினம், மார்ச் பிறந்தா குருவி கூடு கட்டத் துவங்கிடும், பிறகு கத்தியோட ஒருத்தரும் உள்ள போகேலாது. எங்கட தரவையிலயும் ஆள்காட்டிக் குருவி தரையிலதான் முட்டையிடும், நீங்கள் சித்திரையில முப்பது பேர் இறங்கினா மிதிபட்டுப் போகும். தைப்பொங்கல் முடிஞ்ச கையோட செய்யுங்கோ. மாரி மழை விட்டிருக்கும், மண் ஈரமா இருக்கும், வேர் லேசா வரும்.

புகையிலைத்தோட்டம் ஐயா சொன்னதும் முழுக்கச் சரி. இங்கயும் எல்லாத்தையும் வெட்டிறேல்லை. காலமை போனவுடன எது நிக்க வேணுமோ அதுக்கு முதல் அடையாளம் போடுவினம். டாட்ஃபோட் வாப்ளர் எண்டு ஒரு குட்டிக் குருவி கோர்ஸ் பற்றைக்குள்ளதான் கூடு கட்டும், அதுக்காக அங்கங்க பற்றை விடுவினம், நல்ல முத்தின பேர்ச் மரம் ரெண்டு மூண்டும் விடுவினம்.

இன்னொண்டு, ஒருநாள் வேலை எண்டு நினைக்காதேங்கோ. அந்த மனுசி இருபது வருசத்துக்கு மேலயா மாரிகாலம் முழுக்க வாறா. தான் முதல் வருசம் வெட்டின துண்டை எனக்குக் காட்டினா, முழுக்க ஹெதர், இடுப்புக்கு மேல ஒரு மரமில்லை. காட்டேக்க அவவின்ர முகத்தைப் பாக்க வேணும். நான் அண்டைக்கு வெட்டினது ஒரு கட்டில் அளவு இடம்தான், ஆனா வீட்ட வந்து கை நோவோட படுக்கேக்க அப்பிடி ஒரு சந்தோசம்.

அலவாங்கு:

தங்கச்சி, மற்றதெல்லாத்துக்கும் முதல் இதைக் கேளுங்கோ. நான் மிதிவெடி அகற்றுற வேலையில ஏழு வருசம் நிண்டனான். அந்தத் தரவையில இல்லாட்டி பக்கத்தில எப்பவாவது முகாமோ, சென்றியோ, மண் அணையோ இருந்ததோ எண்டு ஊர்ப் பெரியாக்களிட்டையும் கிராம அலுவலர் விதானையாரிட்டையும் விசாரியுங்கோ. மேல நிண்டு கத்தியால கொப்பு வெட்டுறது ஒண்டு, அலவாங்கு, கடப்பாரை, போட்டு வேர் கிண்டுறது வேற. சனம் வருசக்கணக்கா நடந்து திரிஞ்ச இடத்திலயும் நிலத்துக்குக் கீழ வெடிக்காத செல் குண்டு கிடந்து வந்திருக்கு. சந்தேகம் இருந்தா அந்தப் பகுதி சோதிச்சு விட்டதெண்டு பிரதேச செயலகத்தில உறுதிப்படுத்திப் போட்டு இறங்குங்கோ. வேலைக்குள்ள துருப்பிடிச்ச இரும்பு எது கண்டாலும் ஒருத்தரும் தொடப்படாது, எல்லாரும் வந்த வழியாலயே திரும்பி வெளியில வரவேணும், பொலிசுக்கு 119 இல அடிச்சுச் சொல்லவேணும். சின்னப் பெடியளுக்கு இதைக் காலமை எல்லாரையும் கூட்டி வைச்சு வாய்விட்டுச் சொல்லுங்கோ, கடதாசியில எழுதி ஒட்டினா காணாது.

அனுமதியும் இதோடயே பாத்துக்கொள்ளலாம். தரவை கூடுதலா அரச காணியாத்தான் இருக்கும், சில இடம் கோயில் காணி, சில இடம் வனவளத் திணைக்களமோ வனசீவராசிகள் திணைக்களமோ வர்த்தமானியில போட்டு எல்லை போட்டிருக்கும். விதானையாரைப் பிடிச்சா எதெண்டு சொல்லுவார், பேந்து பிரதேச செயலகத்தில கடிதம் ஒண்டு எடுத்து வைச்சிருங்கோ. கடலேரிக் கரையில சதுப்புநிலத்துக் கண்ணா மரம் நிண்டா அதில கை வைக்கவே வேண்டாம். பனை, வடலி எண்ட இளம் பனை ஒண்டும் தறிக்கவேண்டாம். பதிவில்லாத செயின்சோவை ஆரும் ஆசைக்குக் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்புங்கோ.

பாம்பு. சுருட்டையும் கண்ணாடிப் புடையனும் நாயுண்ணிக்குக் கீழ சருகுக்குள்ள சுருண்டு கிடக்கும். சப்பாத்துப் போடாத ஆள் உள்ள வரப்படாது, தடியால தட்டிப் பாத்துப் போட்டுக் கை வையுங்கோ. கடிச்சா கட்டுப் போடுறது, வெட்டுறது, உறிஞ்சுறது ஒண்டும் வேண்டாம், ஆளை அசையாமல் வைச்சு அம்புலன்சுக்கு 1990 இல அடியுங்கோ.

ஆட்டுக்காரன்:

இப்பில் இப்பில் பற்றி நான் சொல்லுறன், என்ர ஆடெல்லாம் அதிலதான் வளருது. அதை வெட்டினா சாகாது, ஒரு மரம் வெட்டின இடத்தில பத்துக் கொப்பு அடிக்கும். மாசத்துக்கு ஒருக்கா ஆக்கள் போய் தளிரை முறிச்சுக் குடுத்தா, இல்லாட்டி ஆட்டை விட்டுக் கடிக்க விட்டா மெல்ல மெல்ல ஒடுங்கும். உங்கட ஊரில ஆடு வளக்கிற ஆக்களைக் கூப்பிட்டு இந்தத் துண்டு உங்கட எண்டு பிரிச்சுக் குடுங்கோ, கொப்பைக் கொளுவி இழுக்கிற கொக்கத்தடியோட அவையே வந்து வெட்டிக்கொண்டு போவினம், நீங்கள் கேக்கவே தேவையில்லை. நெத்து முத்திக் காயிறதுக்கு முதல் வெட்டவேணும், நிலத்தில விழுந்த விதை கன வருசம் உறங்கிக் கிடந்து முளைக்கும்.

ஆடு தாங்கும், மாட்டுக்கு கனக்கக் குடுக்கப்படாது, மயிர் கொட்டும். குதிரைக்குக் குடுக்கவே கூடாது, குதிரை திரியிற நெடுந்தீவுப் பக்கத்து ஆக்கள் ஆரும் இதை வாசிச்சா ஞாபகம் வைச்சிருங்கோ. நாயுண்ணி மாட்டுக்கும் ஆட்டுக்கும் நஞ்சு, ஈரல் கெட்டுப் போகும், வெயில் பட்ட இடத்துத் தோல் வெந்த மாதிரி உரியும். வெட்டின கையோட மாடு வாற பக்கம் போட்டுட்டுப் போகாதேங்கோ.

தூரதேசத்து மச்சாள்:

ஓம், அடிக்கட்டையைப் பற்றி எழுத மறந்து போனன். இங்க பேர்ச் வெட்டின உடன அடிக்கட்டையில களைநாசினி பூசுவினம், இல்லாட்டி அதுவும் ஆட்டுக்காரன் சொன்ன மாதிரித் திருப்பி அடிக்கும். அதைப் பாத்து அங்க செய்யாதேங்கோ. எங்கட யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறில்லை, குடிக்கிறது கூடுதலாச் சுண்ணாம்புக் கல்லுக்குள்ள இறங்கிற மழைத்தண்ணி, மேல ஊத்திறது எல்லாம் கிணத்துக்குத்தான் போகும், ஏற்கனவே தோட்டத்து உரத்தால தண்ணியில நைத்திரேற்று கூடிக் கிடக்கு. நாயுண்ணிக்கு மருந்து தேவையும் இல்லை, மண்ணுக்குக் கீழ வேர்க்கழுத்தைப் பாத்து மண்வெட்டியால வெட்டி எடுத்து வேர் மேல பாக்கத் தலைகீழாப் போட்டா காஞ்சு போகும். இந்தியாவில காடுகள்ள இப்பிடித்தான் செய்யினம்.

1826 இல பேராதனைப் பூந்தோட்டத்துக்கு அழகுக்கு எண்டு கொண்டு வந்த செடி அது, குருவி பழத்தைத் திண்டு எச்சம் போட்டுப் போட்டு நாடு முழுக்கப் பரவிச்சு. அதால எந்த மரத்தில குருவி வந்து கூடுதலா இருக்குதோ அந்த மரத்துக்குக் கீழ அடுத்த மாரிக்குப் பிறகு போய்ப் பாருங்கோ, குஞ்சுக் கண்டா முளைச்சு நிக்கும், அந்த நேரம் ஈர மண்ணில ரெண்டு விரலால பிடுங்கலாம்.

புகையிலைத்தோட்டம்:

இந்தப் பிள்ளை வெளிநாட்டு வெளியைப் பற்றி எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். எனக்கு ஒரு விசயம் இப்பதான் உறைச்சது. நாங்கள் குழை வெட்டினதும் விறகு பொறுக்கினதும் மாடு மேய்ச்சதும்தான் தரவையைத் தரவையா வைச்சிருந்தது. ஒருத்தரும் அதைச் சிரமதானம் எண்டு சொல்லேல்லை, எங்களுக்கு அது அண்டாடச் சோலி. பேந்து இடம்பெயர்வு, மாடு போச்சு, உரப்பை வந்திட்டுது, காஸ் அடுப்பு வந்திட்டுது. 2022 இல காஸ் இல்லாமல் திரிஞ்ச நேரம் எங்கட பக்கத்துப் பற்றை எல்லாம் விறகுக்கு வெட்டுப்பட்டு அரைவாசி ஆனதை நான் கவனிச்சனான், அப்ப ஏனெண்டு யோசிக்கேல்லை.

சரி பிள்ளை, வெட்டுங்கோ. ஆனா எதை வெட்டிறது எண்டு தெரிஞ்ச கிழடுகள் ரெண்டு பேரை முன்னால விடுங்கோ. ஈச்சை, சூரை, காரை, பாவட்டைக்கெல்லாம் சிவப்புச் சீலைத்துண்டு கட்டி விட்டா பெடியளுக்குக் குழம்பாது. விடத்தல் வெட்டினா எறியாதேங்கோ, அலம்பலுக்கு அதுதான் திறம், வேலி அடைக்கிற ஆக்கள் வந்து கொண்டு போவினம். தரவைக்குள்ள நெருப்பு வைக்கிற எண்ணம் மட்டும் வேண்டாம், காத்து ஒருக்காத் திரும்பினா வடலிக்குள்ள ஏறிடும்.

ஜேசிபி காசு தாறன் எண்ட தம்பிக்குச் சொல்லுங்கோ, மண்ணைப் புரட்டின இடத்தில அடுத்த மழைக்குப் பாத்தீனியம்தான் முதல் முளைக்கும். அது சட்டத்தாலயே தடை செய்த செடி, ஒரு செடி பூத்தா பதினையாயிரம் விதைக்கு மேல கொட்டும், தொட்டா கை தடிக்கும், முட்டு வருத்தக்காரருக்கு, ஆஸ்மாக்காரருக்கு, ஆகவே ஆகாது. இந்திய ஆமி கொண்டு வந்த ஆட்டோட வந்ததெண்டு எங்கட பக்கம் சொல்லுவினம். இப்பவே அங்க நிண்டா பூக்கிறதுக்கு முதல் கையுறை போட்டு வேரோட பிடுங்கி உரப்பைக்குள்ள கட்டுங்கோ.

தரவைப்பிள்ளை:

எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்லை. ரெண்டு கிழமையா இதிலதான் நிண்டனாங்கள், என்ன நடந்ததெண்டு சொல்லுறன்.

விதானையாரிட்டைப் போனனாங்கள், தரவை அரச காணிதான், கோயில் பக்கத்து ஒரு மூலை மட்டும் கோயிலுக்குச் சொந்தம், தர்மகர்த்தாவும் சம்மதம் சொல்லிப் போட்டார். அலவாங்கு அண்ணை கேட்டதைக் கேட்டவுடன விதானையார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, தெற்குப் பக்கம் ஒரு காலத்தில மண் அணை இருந்தது எண்டு சொன்னார். நாங்கள் அந்தப் பக்கம் இப்ப போகேல்லை, பிரதேச செயலகத்தில எழுதிக் குடுத்திருக்கிறம், பதில் வந்த பிறகு பாப்பம். வடக்குப் பக்கம் இவ்வளவு காலமும் தோட்டம் செய்து கொத்தின நிலத்தை ஒட்டினது, அதிலதான் துவங்கிறம்.

சித்திரை இல்லை, தைப்பொங்கல் கழிஞ்சு வாற ரெண்டாவது சனி. ஜேசிபி இல்லை. காசு தாறன் எண்ட அண்ணா முதல் கொஞ்சம் முகம் சுளிச்சார், பேந்து இதில எழுதினதெல்லாத்தையும் வாசிக்கக் குடுத்தன், இப்ப லாண்ட்மாஸ்டர் எண்ட சின்ன உழவு மெசின் ஒண்டும், சப்பாத்து இல்லாத பெடியளுக்கு இருபது சோடி சப்பாத்தும் தாறன் எண்டிட்டார்.

ஐயா, போன ஞாயிறு அம்மம்மாவையும் இன்னும் ரெண்டு பாட்டிமாரையும் கூட்டிக்கொண்டு ஓரத்தால நடந்து பாத்தனாங்கள், சீலைத்துண்டு கட்டத் துவங்கியிருக்கிறம். அம்மம்மாவுக்கு எண்பத்தொரு வயசு, நடக்கமாட்டா எண்டு நினைச்சன், அவ எங்களுக்கு முன்னால போறா. ஒரு இடத்தில நிண்டு கைத்தடியால நாயுண்ணியை விலத்திக் காட்டினா. உள்ள ஆவுரஞ்சிக்கல் நிக்குது. மாடு உரஞ்சி உரஞ்சி ஒரு பக்கம் வழுவழுப்பா இருக்கு, தொட்டுப் பாத்தன். அம்மம்மா அதில கையை வைச்சுக்கொண்டு தங்கட மாடுகளின்ர பேர் எல்லாம் ஒண்டொண்டாச் சொன்னா.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கு. கேணி அந்தக் கல்லுக்குப் பக்கத்திலதான் எண்டு அம்மம்மா சொல்லுறா, ஆனா எல்லாம் பற்றை மூடிக்கிடக்கு, விளிம்பு எதெண்டே தெரியேல்லை. ஆக்கள் உள்ள விழாமல் எப்பிடித் துப்புரவாக்கிறது?

அலவாங்கு:

கேணிக்கு முதல் நாள் ஆரும் போகவேண்டாம் தங்கச்சி. கல்லில இருந்து சுத்திவர இருபது அடி கயிறு கட்டி விடுங்கோ. அடுத்த கிழமை நாலு பேர் காணும், வெளியில இருந்து உள்ளுக்கு, மேல் கொப்பில இருந்து கீழ்ப்பக்கமா வெட்டிக்கொண்டு வாறது, நீளத் தடியால நிலத்தைக் குத்திப் பாத்துப் பாத்து ஒவ்வொரு அடியா. விளிம்புக் கல்லுக்குள்ள வேர் இறங்கியிருந்தா இழுக்காதேங்கோ, கல் பேரும், வேரை அப்பிடியே அறுத்து விடுங்கோ. ரெண்டு சனியும் நான் வாறன், எனக்கு உங்கட பக்கம் அரை மணித்தியாலம்தான். அலவாங்கு ரெண்டும் கயிறும் கொண்டுவாறன்.

ஆட்டுக்காரன்:

நான் கொக்கத்தடியோட வாறன். லாண்ட்மாஸ்டர்ல இப்பில் இப்பில் கட்டுக்கு இடம் வைச்சிருங்கோ.